சிறுநீரகத்து நூற்கண்டு

உயிரியல் பாடத்தில் சிறுநீரகத்தைப் பற்றிப் படிக்கும்போது ‘கிளாமருலஸ்’ என்னும் சொல்லைக் கண்டிருப்பீர்கள். கிருஷ்ணகிரி, ஒசூர் வட்டாரப் பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றிய நான், அச்சொல்லைப் பிழையற எழுதிய மாணவர் பலரைக் கண்டதுண்டு. அதன் பொருளை என்னிடம் கேட்டவர் மிகச் சிலரே. இலத்தீன் மொழியில் ‘குளோமஸ்’ என்பது நூற்கண்டு. அதன் குறுமை வடிவமே கிளாமருலஸ். ‘சின்னஞ்சிறு நூற்கண்டு’ என்பதே அதன் நேர்ப்பொருள்.

இந்தக் கண்டினை முதலில் கண்டு எழுதியவர் இத்தாலி நாட்டு மார்செல்லோ மால்பிஜி. 1661இல் தவளையின் நுரையீரலில் இரத்தத் தந்துகிகளை நுண்ணோக்கியால் கண்டுணர்த்தியவரும் அவரே. சிறுநீரகத் தமனியில் கருநிறத் திரவத்தைச் செலுத்திப் பார்த்தபோது, மரக்கிளையில் ஆப்பிள் தொங்குவதுபோல் இரத்தக் குழாய்களின் நுனியில் நுண்ணிய உருண்டைகள் தொங்குவதைக் கண்டார். 1666இல் வெளிவந்த தம் நூலில் அவற்றைச் ‘சுரப்பிகள்’ என்று குறித்தார். பின்னர் ஆம்ஸ்டர்டாம் நகரத்து பிரெடெரிக் ரூய்ஷ், குழாய்களில் வண்ணக் கலவை செலுத்துவதில் கைதேர்ந்தவர், அவை சுரப்பிகள் அல்ல, சுருண்டு கிடக்கும் குழாய்களே என்று வாதிட்டார். சுரப்பி என்பது ஊகித்துச் சொன்ன பெயர். நூற்கண்டு என்பது கண்ணால் கண்ட வடிவின் பெயர். முன்னது வழக்கொழிந்தது, பின்னது இன்றும் வழங்குகிறது.

இவ்விடத்தில் நம் ஊர்ப்பக்கம் சற்றே திரும்புவோம். ஆலைகள் பெருகிய பின்னரும் ஒசூர், தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பகுதிகளில் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்ப்பும் உண்டு. சந்திரிகையில் இட்ட புழு, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் நீளமுள்ள ஒரே இழையைத் தன்னைச் சுற்றிச் சுற்றிக் கூடாக்குவதை உங்களில் பலர் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். அப்புழுவை அறுத்து ஆராய்ந்து 1669இல் தனிநூலே எழுதியவர் நம் மால்பிஜிதான். இலண்டன் ராயல் சொசைட்டி அதனை வெளியிட்டது. புழுவின் குடலோடு இணைந்த கழிவு நீக்கும் நுண்குழல்களுக்கு அவர் பெயரே வழங்குகிறது. பட்டுப்புழுவுக்கு அவை ஆறு. வேடிக்கை என்னவெனில், இழையைச் சுற்றியே வாழ்வை முடிக்கும் அப்புழுவின் கழிவுக் குழல்களில் நூற்கண்டு கிடையாது! இரத்த அழுத்தத்தால் வடிக்கும் முறை அதற்கில்லை. உப்பையும் நீரையும் குழலின் செல்களே உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

நம் உடலிலோ கண்டுதான் வடிகட்டி. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து இலட்சம் கண்டுகள்; ஒன்றின் குறுக்களவு சுமார் 0.2 மில்லிமீட்டர். கண்டைச் சூழ்ந்த கிண்ணம் சிறுநீர் நுண்குழலின் தொடக்கமே என்று 1842இல் காட்டியவர் ஆங்கிலேயரான வில்லியம் பௌமான். அதே காலத்தில் ஜெர்மானியரான கார்ல் லுட்விக், இரத்த அழுத்தமே நீரை வடிக்கிறது என்றார். 1924இல்தான் அமெரிக்கரான ரிச்சர்ட்ஸும் வெர்னும் தவளையின் கிண்ணத்திலிருந்து நுண்ணிய குழாயால் துளி நீரை எடுத்துச் சோதித்தனர். அதில் சர்க்கரை இருந்தது, புரதம் இல்லை. வடிகட்டலுக்கு அது நேர்ச்சான்றாயிற்று. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் இவ்வாறு வடிகிறது. ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகிறது, எஞ்சியது இரத்தத்துக்கே மீள்கிறது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனைக் ‘கலன்கோளம்’ என்கின்றன. நல்ல சொல்லாக்கம், ஆயினும் கோளம் என்றதும் திரண்ட பந்தே நினைவில் வருகிறது, சுற்றிய இழை வருவதில்லை. ஆதலின் வகுப்பில் நான் நூற்கண்டு என்றே சொல்லிவந்தேன். தேர்வுத்தாளில் மட்டும் கிளாமருலஸ் என்று எழுதச் சொன்னேன்.