கொழுந்தும் ஆராய்ச்சிப் பணமும்

பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டிலேயே தேயிலை ஆராய்ச்சி நிலையம் சட்டத்தினால் நிறுவப்பெற்றது. அதற்கு வேண்டிய பணம் எவரிடமும் கையேந்திப் பெற்றதன்று. ஏற்றுமதியாகும் தேயிலையின்மீது விதித்த சிறு வரியே அதனை நடத்திற்று. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தோட்டங்களைப் பற்றியபோது, அவ்வரியின் அருமை விளங்கியது. செம்பு கலந்த மருந்து தெளித்துச் செடியைக் காத்தனர். தலவாக்கொல்லையிற் பலித்த முறை ஊவாவிலும் அப்படியே பலிக்கும் என்று எவரும் வாளாவிருக்கவில்லை. பசறையில் அந்நிலையத்துக்குக் கிளை ஏற்பட்டது.

செடிக்குப் பொருந்திய நியாயம், கொழுந்து பறிப்பவளுக்குப் பொருந்தாதோ?

மார்புப் புற்றுநோயைப் பற்றிய முறையான ஒப்பாய்வு 1926இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதனைச் செய்தவர் ஜேனட் லேன்-கிளேப்பன் என்னும் பெண் மருத்துவர். ஆதரித்தது அந்நாட்டுச் சுகாதார அமைச்சு. நோயுற்ற பெண்கள் 500 பேரையும், அந்நோய் இல்லாத 500 பேரையும் ஒப்பிட்டு வினவினார். காலந்தாழ்த்த மணம், குறைந்த பிள்ளைப்பேறு, பாலூட்டாமை ஆகியவற்றோடு நோய்க்குத் தொடர்பு உண்டெனக் கண்டார். இன்றுவரை பெரும்பாலும் மறுக்கப்படாத முடிபு அது. ஆயினும், அவர் வினவியவர் பிரித்தானியப் பெண்கள். பிள்ளைக் காம்பராவில் மகவை விட்டு மலைக்குச் சென்று, இடையில் ஓடிவந்து பாலூட்டிய தோட்டத்துத் தாயை அந்தக் கணக்கில் எங்கே வைப்பது? அவளிடம் கேட்டாலன்றி அறிய இயலாது.

கேட்பதற்குப் பணம் வேண்டும். சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், ஆண்டுக்கணக்கில் நன்கொடை திரட்டி, 1954இல் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கினார். அரசு தயங்கிய காலத்தில் பொதுமக்களின் காசு அதனைத் தாங்கியது. பின்னர் அதுவே ஆராய்ச்சிக் கூடமுமாயிற்று. நன்கொடை பெரிதுதான், எனினும் ஆண்டுதோறும் தவறாது வரும் வரிப்பணத்துக்கு அது ஈடாகாது.

இலங்கையில் 1985 முதல் புற்றுநோய்ப் பதிவேடு உண்டு. பெண்களிடையே மிகுந்திருப்பது மார்புப் புற்றுநோயே. ஆனால் பதுளை மாவட்டத்தில் நகரும் நாட்டுப்புறமும் தோட்டமும் கலந்துள்ளன. மாவட்டத்துக்கென்று தரும் ஒரே எண் லயத்துப் பெண்ணைப் பிரித்துக் காட்டாது. கட்டி கண்டபின் எத்தனை மாதங் கழித்து அவள் வைத்தியசாலைக்கு வருகிறாள், ஒருநாட் சம்பளம் போகுமென்று தயங்குகிறாளா, மகரகமை வரையுள்ள நெடும்பயணம் தடுக்கிறதா என்பன போன்ற வினாக்களுக்கு நுண்ணோக்கியும் வேண்டா. தோட்டத்து மருத்துவமாதும், பெயர்ப் பதிவேடும், தமிழிற் பேசிக் கேட்கத்தக்க இரண்டொரு பெண்களும், சில ஆண்டுச் சம்பளமும் போதும். தேயிலை வரியிற் சிறு பங்கு இதற்குச் செலவாகுமாயின், ஏற்றுமதியாளர் எவரும் அதனால் நலிந்துவிடார்.