கூட்டுறவுக் கடையும் கட்டுரை நோட்டும்

ஊர்ல ஒரு கூட்டுறவுக் கடை வைக்கலாம்னு பேச்சு நடக்குது. அதைப் பத்தி எளிமையா, தெளிவா எழுதணும். யார்? ஏழு வருஷம் பள்ளிக்கூடம் போன ஒரு கிராமத்துப் பிள்ளை. தாய்மொழியில் அந்தப் பிள்ளைக்கு என்னென்ன வரணும்னு 1937ல் ஜாகிர் உசேன் குழு ஒரு பட்டியல் போட்டது. அன்றாடம் நடப்பதை எழுதத் தெரியணும் என்பதற்கு அதில் கொடுத்திருக்கிற உதாரணம்தான் இந்தக் கடை. (பின்னாடி ஜனாதிபதி ஆனாரே, அதே ஜாகிர் உசேன்தான்.)

அந்த வருஷம் அக்டோபரில் காந்தி தலைமையில் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில் அமைத்த குழு அது. நயி தாலிம், நம்ம ஊர்ல ஆதாரக் கல்வி. 7 வயசிலிருந்து 14 வரை எல்லாருக்கும் இலவசமா, தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்துப் படிப்பு. நூற்ற நூலை எண்ணும்போது கணக்கு வரும், பஞ்சு எங்கே விளையுதுன்னு கேட்டா பூகோளம் வரும். நமக்கு ராட்டை மட்டும் ஞாபகத்தில் நின்னுடுச்சு. எழுத்து மறந்தே போச்சு.

கிட்டத்தட்ட அதே காலத்தில் பிரான்சில் ஸெலஸ்தேன் ஃப்ரெனேன்னு ஒரு வாத்தியார். முதல் உலகப் போரில் நுரையீரல் அடிபட்டவர், சத்தம் போட்டுப் பாடம் நடத்த முடியாது. 1920களில் வகுப்புக்குள்ள ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றியதை எழுதி, தாங்களே எழுத்துக் கோத்து, அச்சடித்து, தூரத்துப் பள்ளிக்குத் தபாலில் அனுப்பினார்கள். இவர்கள் தெற்கே மலைக்கிராமம், படித்தவர்கள் பிரிட்டனி கடற்கரைப் பிள்ளைகள். முகம் தெரியாத ஒருத்தன் படிக்கப்போறான்னு தெரிஞ்சா எழுத்து எப்படி மாறும்னு நமக்குச் சொல்லவே வேண்டாம். ஒத்தைப் பின்னூட்டத்துக்கு ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கிற கூட்டம்தானே நாம :)

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சின்னாளபட்டியை ஒட்டி காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947 அக்டோபர் 7ல் தொடங்கியது. டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், டாக்டருக்குப் படித்தவர், வந்து உட்கார்ந்த இடம் இந்தக் கரிசலும் செம்மண்ணும் கலந்த பொட்டல். ஆதாரக் கல்வியை அங்கே நடத்திப் பார்த்தார்கள். 1956ல் மத்திய அரசுக்காக ஆதாரக் கல்வியை மதிப்பிட்ட குழுவுக்குத் தலைவரே இந்த ஜி. ராமச்சந்திரன்தான்.

எழுத விஷயத்துக்கா பஞ்சம்? சின்னாளபட்டியில் வீட்டுக்கு வீடு தறி. டவுன்ல பூட்டுப் பட்டறை, தோல் ஷாப்பு. சிறுமலை வாழைப்பழம், நிலக்கோட்டை மல்லிகை, ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட். பாவு ஓட்டத் தெரிஞ்ச பத்து வயசுப் பிள்ளைக்குச் சொல்ல எவ்வளவு இருக்கும்! ஆனா திண்டுக்கல்லில் நான் படித்த பள்ளியில் கட்டுரை என்றால் போர்டில் எழுதிப் போட்டதைக் காப்பி அடிப்பதுதான். பொருட்காட்சியே பார்க்காதவனும் 'நான் கண்ட பொருட்காட்சி' எழுதினான். பூட்டுப் பட்டறையிலிருந்து வந்த பையனை யாரும் பூட்டைப் பத்தி எழுதச் சொல்லவே இல்லை.

ஏன் இப்படி ஆச்சு? முதல் காரணம் அந்த அறிக்கையிலேயே இருக்கு. பள்ளி நேரம் ஐந்தரை மணி. அதில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிஷம், தாய்மொழிக்கு 40 நிமிஷம்! நாற்பது நிமிஷத்தில் எழுத்துக்கூட்டவே சரியாப் போயிருக்கும், கூட்டுறவுக் கடைக்கு எங்கே போறது.

ரெண்டாவது, 1953ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோரோட தொழில். குலக்கல்வின்னு பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள், 1954ல் காமராஜர் முதல்வரானதும் ரத்து செய்தார். எதிர்த்தது நூற்றுக்கு நூறு நியாயம் என்பதுதான் என் கட்சி. ஆதாரக் கல்வி வேற, அது வேற, உண்மைதான். ஆதாரக் கல்வியில் ஐயர் வீட்டுப் பையனும் ராட்டை சுத்தணும். ஆனா தலைமுறை தலைமுறையா செருப்புத் தைத்தவனிடம் போய் 'கைத்தொழில் வழியா படி'ன்னு சொன்னா அவனுக்கு எந்த ஞாபகம் வரும்? பள்ளிக்கூடத்தில் தொழில் என்ற பேச்சே தமிழ்நாட்டில் கசந்துபோச்சு. அதோட சேர்ந்து, கண்ணால் கண்டதை எழுது என்ற நல்ல பாதியும் குப்பைக்குப் போச்சு.

கடைசியா 1964-66 கோத்தாரி குழு 'வேலை அனுபவம்'னு வேற பேர் வைத்தது. அந்தக் குழுவை அமைத்தபோது மத்திய கல்வித் துணை அமைச்சர் யாருங்கிறீங்க? 1962ல் திண்டுக்கல்லில் ஜெயித்துப் போன எம்.பி., நம்ம சௌந்தரம் அம்மாதான்!

மக்கா, உங்க அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ ஐம்பதுகளில் ஆதாரப் பள்ளியில் படித்திருந்தா ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. நூற்ற நூல் வேண்டாம், எழுதின நோட்டு ஏதாவது பரண்ல கிடக்கான்னு பாருங்க. கிடைச்சா ஒரு பக்கம் படம் பிடிச்சு அனுப்புங்க.