காஞ்சியின் தெருவமைப்பும் நெசவுச் சேரிகளும்

பெரும்பாணாற்றுப்படை கச்சி மூதூரைத் தாமரைப் பொகுட்டோடு ஒப்பிட்டு உரைக்கின்றது. இவ்வுவமையை நகரமைப்பிற்குரிய நேர்ச் சான்றாகக் கொண்டு, கோயிலை நடுவாக வைத்து வீதிகளை இதழ்களாக வரைந்து காட்டுவாருளர். உவமை உவமையே, அது வரைபடம் ஆகாது. காஞ்சியின் அமைப்பை அறிதற்கு அதனினும் உறுதியான சான்று ஒன்று உண்டு. கோயிலும் தேர்வீதியும் மட்டுமே இந்நகரை உருவாக்கவில்லை. உழைப்போர் வாழ்ந்த சேரிகளும் அவர்தம் பொறுப்புமே அதனை நிலைக்கச் செய்தன என்பது அச்சான்றால் விளங்கும் என யாம் கருதுகின்றோம்.

அச்சான்று, சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடு. கி. பி. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்த இது, கச்சிப்பேட்டு ஊரகத்துப் பெருமாள் கோயிலின் அறங்களை விரித்துரைக்கின்றது. அதன்கண் கருவுளான்பாடி, கஞ்சகப்பாடி, அதிமானப்பாடி, எற்றுவழிச்சேரி என நெசவாளர் உறையும் நான்கு குடியிருப்புகள் பெயர் சுட்டப்பெறுகின்றன. கோயிற்குரிய பொன்னைப் பெற்று அதன் பலிசையை அளித்துவரும் கடமை அச்சேரியார் மேலது. கோயிற் கணக்கிலும் அவர்க்குப் பொறுப்புண்டு. அவர்கள் நெய்தது இன்றைய பட்டுச்சேலையே என்று துணிதல் வேண்டா. சேரிப்பிரிவில் சாதி வேற்றுமை இல்லை என்றும் கூறவொண்ணாது. ஆயினும், தறியில் உழைப்போர் நகரின் புறத்தே ஒதுக்கப்பட்ட கூலியாளராக அன்றி, நகரின் பொதுப்பொருளைப் பேணும் உறுப்பினராக இச்செப்பேட்டில் நிற்கின்றனர். நகர வரலாறு எழுதுவோர் இதனைப் பெரிதும் கருதல் வேண்டும்.

ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் 1915இல் சென்னை மாகாணத்து நகரங்கள் சிலவற்றை ஆராய்ந்தார். பழந்தெருக்களை இடித்து நேராக்கும் முறையை மறுத்து, கெட்டதை மட்டும் நீக்கி நல்லதைக் காக்கும் மருத்துவ முறையை அவர் வற்புறுத்தினார். காஞ்சியைக் கண்டு வியந்த அவர், பரந்த பெருமிதமும் தனியாரின் உரிமையும் ஒருங்கே அமைந்த இத்தகைய நகரத் திட்டத்திற்கு இணையாக எஞ்சியிருப்பது ஒன்றையும் தாம் அறிந்திலர் என்னும் கருத்தினர். 1916இல் சி. பி. வேங்கடராம ஐயர் பண்டைத் தக்கணத்து நகரமைப்பைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டமும் வந்தது. சட்டம் வந்தபின் தெருவின் அகலம் அளக்கப்பட்டது. தெருவில் நிகழும் தொழில் அளக்கப்பட்டதா என்பது வேறு வினா.

அத்தொழிலைச் சிறிது நோக்குவோம். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீடும் தொழிற்கூடமும் ஒன்றே. குழித்தறிக்கு மண்ணிற் பள்ளம் தோண்டல் வேண்டும். எனவே, தரைத்தளம் இன்றியமையாதது. மூன்று சேலைக்குரிய பாவினை நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்துதற்குப் பதினாறு மீட்டருக்கு மேற்பட்ட இடம் வேண்டும். அவ்விடம் வீட்டினுள் ஏது? காலைப்பொழுதில் தெருவே பாவிடும் களமாகும். ஆதலின் நெசவாளனை மாடிக் குடியிருப்பிற்கு மாற்றுவதும், அவன் தெருவை ஊர்திகளுக்கே உரித்தாக்குவதும் அவன் தறியைப் பறிப்பதனோடு ஒக்கும். காஞ்சிப் பட்டு 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு சேலைக்குக் கிடைத்ததேயன்றி அதனை நெய்யும் தெருவிற்குக் கிடைத்திலது. 2015இல் நடுவணரசு மரபுநகர் மேம்பாட்டிற்கென வகுத்த ஹிருதய் திட்டத்தின் பன்னிரு நகரங்களுள் காஞ்சியும் ஒன்று; 2021இல் அது மாநகராட்சியுமாயிற்று. மரபு என்னும் சொல்லில் கோபுரத்தோடு குழித்தறியும் அடங்குதல் வேண்டும் என்பது எம் கோள்.

நெசவாளர் சேரியில் வேர்கொண்ட காஞ்சிக்கு மறுதலையாக, படையால் உயர்ந்த ஊர் ஒன்று அண்மையிலேயே உள்ளது. காஞ்சிக்குக் கிழக்கே, பாலாற்றின் வடகரையில் அமைந்த வாலாஜாபாத், ஆற்காட்டு நவாபு முகம்மதலி வாலாஜாவின் பெயர் தாங்கியது. கும்பினியாரின் படைநிலையமாக ஒருகாலத்தே அது சிறந்திருந்தது. படை நீங்கவே அச்சிறப்பும் நீங்கிற்று. பின்னர்ச் செங்கற்பட்டு - அரக்கோணம் இருப்புப்பாதை அவ்வழியே சென்றும் அது காஞ்சி போல் பெருநகராகவில்லை. ஆணையால் வந்த பெருமைக்கும், தலைமுறை தலைமுறையாய்த் தொழில் நிலைத்ததால் வந்த பெருமைக்கும் உள்ள வேறுபாடு இவ்விரண்டு ஊர்களிடையே காணக்கிடக்கின்றது.

எனினும் வாலாஜாபாத்தைக் காஞ்சியினின்று பிரித்து எண்ணுதலும் பிழையாம். ஆறு அவ்வாறு பிரிப்பதில்லை. காஞ்சியின் ஊடே ஓடும் வேகவதி, வாலாஜாபாத்தை அடுத்த பழையசீவரத்தின் பாங்கர்ப் பாலாற்றோடு கலக்கின்றது. பட்டு நூலுக்குச் சாயமேற்றிய கழிவுநீரும் நகரின் சாக்கடையும் அவ்வழியே இறங்குகின்றன. காஞ்சியின் நடுப்பகுதியைத் தூய்மைப்படுத்தி அழுக்கைக் கீழூர்க்குச் செலுத்தும் திட்டம் நடுவுநிலைமை உடைய திட்டம் ஆகாது. அவ்வாறுகள் செய்யாற்றோடு கூடும் இடமே திருமுக்கூடல். 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், பதினைந்து படுக்கைகளோடு ஆதுலர்சாலை ஒன்று அங்கு நடந்தது என்பதை அவ்வூர்க் கோயிற் கல்வெட்டுக் கூறுகின்றது. வேகவதி இன்று கொணரும் நீர் சென்று சேர்வதும் அவ்வூர்க் கரைக்கே.