கடலடியில் பிறந்த சுரவரிசை

1867-இல் நிகொலாய் ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கு வயது 23. ரஷ்யக் கடற்படை அதிகாரி. நெடிய கப்பல் பயணம் ஒன்றை முடித்துத் திரும்பியிருந்தவர், அந்த ஆண்டு 'சாத்கோ' என்ற ஆர்கெஸ்ட்ரா படைப்பை எழுதினார். நோவ்கொரோட் நகரத்துப் பழங்கதை அது: தந்தி மீட்டும் வணிகன் ஒருவன் கடலரசனின் மாளிகைக்குப் போய்ச் சேருகிறான். அவன் கடலுக்குள் அமிழும் இடத்துக்காக ரிம்ஸ்கி-கோர்சகோவ் அரைச்சுரம், முழுச்சுரம், அரைச்சுரம், முழுச்சுரம் என்று மாறி மாறி இறங்கும் ஒரு வரிசையைக் கையாண்டார். ஜாஸ் வாசிப்பவர்கள் இன்று டிமினிஷ்ட் ஸ்கேல் என்று பழகுவது இதைத்தான்.

அதன் மூலப்பொருள் முன்பே இருந்தது. ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு அரைச்சுரங்கள். மூன்று மூன்றாகத் தாவினால் நான்கே சுரங்களில் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவோம். அந்த நான்கும் சேர்ந்து ஒலிப்பதுதான் டிமினிஷ்ட் செவன்த் கார்டு. பாக் காலத்திலேயே அது புழக்கத்தில் இருந்தது. 1821-இல் வெபர் தன் ஓபராவின் ஓநாய்ப் பள்ளத்தாக்குக் காட்சியில் பேய்களை வரவழைத்தது இதை வைத்துத்தான். இந்த நான்கு சுரங்களுக்கு நடுவே ஒவ்வொரு இடைச்சுரம் போட்டு நிரப்பினால் எட்டுச் சுர வரிசை கிடைத்துவிடும். அதன் தடயங்கள் லிஸ்டின் இசையிலேயே உண்டு; ரிம்ஸ்கி-கோர்சகோவ் அதை எடுத்து வளர்த்தார். பின்னாளில் ரஷ்யாவில் அவர் பெயராலேயே அது வழங்கியது.

அரைச்சுரமும் முழுச்சுரமும் ஒரே சீராக மாறி மாறி வருவதால் இந்த வரிசையில் எந்தச் சுரமும் 'நான்தான் ஆதாரம்' என்று நிற்பதில்லை. மூன்று மூன்றாகத் தாவிக் கிடைத்த அந்த நான்கு சுரங்களில் எதிலிருந்து தொடங்கினாலும் அதே அமைப்பு. மண்ணுலக இசையில் அது பெரிய குறை. ஆனால் திசையே தெரியாத கடலடி மாளிகைக்கு இதைவிடப் பொருத்தமான ஒலி வேறென்ன? அவருடைய மாணவர் ஸ்ட்ராவின்ஸ்கி 1911-இல் 'பெத்ருஷ்கா'வில் சி மேஜரையும் எஃப் ஷார்ப் மேஜரையும் ஒன்றின்மேல் ஒன்றாக மோதவிட்டாரே, அந்த இரண்டு கார்டுகளும் இதே எட்டுச் சுரங்களுக்குள் அடங்குபவை. 1944-இல் இசையமைப்பாளர் மெசியான் இந்த வரிசையைத் தன் சுர முறைகளில் இரண்டாவதாக வைத்தார்.

ஜாஸுக்கு இது ஒரே வழியில் வந்ததல்ல. டிமினிஷ்ட் கார்டு ராக்டைம் காலத்திலிருந்தே அங்கே இருந்தது. ஆனாலும் ஒரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நிகோலஸ் ஸ்லோனிம்ஸ்கி, ஸ்தாயியைச் சம பாகங்களாக வெட்டிப் பிறக்கும் சுரக்கோவைகளைத் தொகுத்து 1947-இல் ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார். ஜான் கோல்ட்ரேன் அதை வைத்துச் சாக்ஸபோனில் சாதகம் செய்தார். ரிம்ஸ்கி-கோர்சகோவின் நகரத்திலிருந்து வந்த சிந்தனை இப்படி ஒரு ஜாஸ் மேதையின் விரல்களை அடைந்தது.

ஜாஸ் செய்த பெரிய காரியம், வீடில்லாத இந்த வரிசைக்கு ஒரு வேலை கொடுத்ததுதான். வீடு திரும்புவதற்குச் சற்று முந்தைய கணமான டாமினன்ட் கார்டின்மேல் அதை வைத்தார்கள். சி-யைச் சட்ஜமமாகக் கொண்டால் சி செவன் கார்டு என்பது ச, அந்தர காந்தாரம், ப, கைசிகி நிஷாதம். வரிசையின் மற்ற நான்கு: சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், பிரதி மத்திமம், சதுஸ்ருதி தைவதம். இரண்டு காந்தாரங்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் அந்த உரசலில்தான் ஜாஸின் காரம் இருக்கிறது. சாதாரண காந்தாரத்தை நீக்கினால் மிஞ்சுவது நம் 52-ஆவது மேளம் ராமப்ரியா! எட்டுச் சுரங்களாக வைத்திருக்கும்வரை இதற்கு 72 மேளங்களில் இடமில்லை.

வேறுபட்ட டிமினிஷ்ட் வரிசைகள் மொத்தமே மூன்று. ஒன்றைக் கற்றால் சி, ஈ ஃபிளாட், எஃப் ஷார்ப், ஏ ஆகிய நான்கு டாமினன்ட் கார்டுகளுக்கும் ஆகும். இந்தச் சலுகையே கண்ணியும்கூட: ஒரே சுரக்கோவையை மூன்று மூன்று அரைச்சுரமாக நகர்த்திக்கொண்டே போனால் வாசிப்பு வெறும் சரளி வரிசையாகிவிடும். அதனால் சி செவன் எஃப் மேஜருக்குப் போகும் இடத்தில், எங்கே போய் இறங்குவது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கிச் சுரக்கோவையைக் கட்டுவது நல்லது. அந்தர காந்தாரம் அரைச்சுரம் ஏறி எஃப்-இல் அமரும். கைசிகி நிஷாதம் அரைச்சுரம் இறங்கி ஏ-வில். சுத்த ரிஷபம் அதேபோல இறங்கி சி-யில்.