சேணமும் அப்டிகஸும்: இரு தொல்லுயிர்ச் சொற்களின் பிறப்பு

தருமபுரி மாவட்டம் ஏரியூர் வட்டாரத்துப் பாறைகள் சார்னோக்கைட், நைஸ் வகையைச் சேர்ந்தவை. பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய அவற்றில் உயிர்ச்சுவடு தங்காது. புதைபடிவம் பார்க்க வேண்டுமானால், அந்த வட்டாரத்தை ஒட்டி ஓடும் காவிரியின் போக்கிலேயே திருச்சிக்கு வந்து, வடக்கே காரை, அரியலூர் பக்கம் போக வேண்டும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது; அதில் சுருள் ஓடுள்ள அம்மோனைட்டுகள் என்ற உயிர்கள் நீந்தின. 1860களில் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக அவற்றை விரிவாக விவரித்தார். அம்மோனைட்டின் உடற்கூற்றைப் பேசும் சொற்களில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது ‘சேணம்’. மேலோடு உதிர்ந்த அம்மோனைட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தால், இலை விளிம்புபோல் நெளியும் கோடுகள் தெரியும். ஓட்டின் உள்ளறைகளைப் பிரிக்கும் தடுப்புகள் சுவரோடு சேரும் இடம் அது. கோடு ஓட்டின் வாய்ப்புறமாக வளைந்தால் சேணம். எதிர்ப்புறமாக வளைந்தால் மடல். 1830 வாக்கில் ஜெர்மானியப் புவியியலாளர் லியோபோல்ட் ஃபொன் பூக் இந்த வழக்கை நிலைநாட்டினார்.

இரண்டாவது ‘அப்டிகஸ்’. மடிப்பில்லாதது என்ற பொருளில் கிரேக்க வேரிலிருந்து தொல்லுயிரியலாளர் ஹெர்மான் ஃபொன் மேயர் அமைத்த சொல். இது ஓர் உறுப்பின் பெயராகப் பிறக்கவில்லை, தனி உயிரினத்தின் பெயராகவே பிறந்தது. அம்மோனைட்டின் ஓடு எளிதில் கரையும் அராகனைட். அப்டிகஸ் எனப்பட்ட இணைத் தகடுகளோ கால்சைட். ஓடு கரைந்துபோன படிவுகளிலும் தகடுகள் மிஞ்சின. அதனால் தனியே கிடைத்த அந்த இணையைச் சிப்பி என்றார்கள். பிறகு ஓட்டின் வாயை அடைக்கும் மூடி என்றார்கள். 1970 வாக்கில் தொல்லுயிரியலாளர் உல்ரிச் லேமன் இவை கீழ்த்தாடை என்று காட்டினார். அந்தத் தாடையே சில இனங்களில் மூடியாகவும் உதவியிருக்கலாம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

ஒன்று சரியான இடத்தில் பிறந்த சொல். மற்றது தவறான அடையாளத்தில் பிறந்த சொல். ஆனாலும் இரண்டும் நிலைத்தன. காரணம் ஒன்றே: இரண்டும் கண்ணுக்குத் தெரிந்த வடிவத்தை மட்டும் சொல்கின்றன. தகடு சிப்பியானாலும் தாடையானாலும் அதில் மடிப்பு இல்லை என்பது பொய்யாகாது.

இதன் மறுபக்கத்துக்குச் சான்று ஃபொன் பூக்கிடமே உண்டு. ஓட்டின் வெளிவிளிம்பை விலங்கின் முதுகென்று கொண்டு, அங்குள்ள மடலை அவர் ‘முதுகு மடல்’ என்றார். அது வயிற்றுப்புறம் என்று பின்வந்தவர்கள் தெளிந்தபோது அந்தப் பெயர் தலைகீழானது. வடிவத்தைச் சொன்ன ‘சேணம்’ அசையவில்லை. விளக்கத்தைச் சொன்ன ‘முதுகு’ விழுந்தது.

தமிழில் கலைச்சொல் ஆக்குவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். அப்டிகஸைத் ‘தாடைத்தகடு’ என்றால் இன்றைய முடிவோடு சொல்லைக் கட்டிப்போடுகிறோம். ‘மடியாத்தகடு’ என்றால் ஆய்வு எந்தப் பக்கம் திரும்பினாலும் சொல் நிற்கும். பாடநூலில் அத்துடன் சொல்லின் வரலாற்றையும் இரண்டு வரியில் எழுத வேண்டும். உறுப்பின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவருக்கு, அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும் முறை அப்போதுதான் புரியும்.