சூடடிக்கிற மெஷினின் பேரன்

கிளிநொச்சியில் காலமெல்லாம் வயல் செய்துவிட்டு இப்போது ஸ்காபரோவில் மகளோடு இருக்கும் பக்கத்து வீட்டு அண்ணை, நான் பெட்டியிலிருந்து இறக்கி வைத்த சாமானை ஒருதரம் சுற்றி வந்து பார்த்தார். முன்னால் அகன்ற வாய். வாய்க்குள் சுழலும் ரப்பர் தகடுகள். தலையில் கழுத்தை வளைத்து நிற்கும் ஒரு குழாய்.

“தம்பி, உது சூடடிக்கிற மெஷினெல்லோ? உந்தக் குழாயாலைதானே வைக்கல் பறக்கிறது?”

“இல்லை அண்ணை, ஸ்னோ அள்ளுறது. கரண்டிலை ஓடும்.”

“கரண்டோ? அப்ப வயர் எங்கை?”

இரண்டும் சரியான கேள்விகள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. முதற் கேள்வியில் இந்தச் சாமானின் பிறப்பு இருக்கிறது. இரண்டாவதில் இதன் விலையும் வில்லங்கமும்.

1894ஆம் ஆண்டு. மொன்றியலுக்கு வெளியே சென் லெயோனார் என்ற கிராமம். இன்று நகரம் அதை விழுங்கிவிட்டது. அங்கே ஆர்தர் சிகார் என்ற 18 வயதுப் பையன். மாடு வளர்க்கும் குடும்பம். குளிர்காலத்தில் தெரு மூடிவிட்டால் கறந்த பால் சந்தைக்குப் போக வழியில்லை. அந்த நாட்களில்தான் அயல் வயலில் ஒரு சூடடிக்கும் இயந்திரத்தைப் பார்க்கிறான். கதிரை வாய்க்குள் இழுத்து, தகடுகளால் சுழற்றி, தானியத்தை ஒரு பக்கமும் வைக்கோலை வேறு பக்கமுமாக எறிகிறது. வைக்கோலை எறிகிற இயந்திரம் பனியை எறியாதா? அவ்வளவுதான் அவனுக்கு வந்த யோசனை. அண்ணை நூற்றுச் சொச்சம் வருடம் கழித்து அதே பாதையில் திரும்பி நடந்திருக்கிறார்.

யோசனைக்கும் இயந்திரத்துக்கும் இடையில் 33 வருடம் போயிற்று. 1894இல் அந்தத் தகடுகளைச் சுழற்றப் போதிய வலுவுள்ள, தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய எஞ்சின் இல்லை. சிகார் கமத்தை விட்டுத் தெரு போடும் ஒப்பந்த வேலைக்குப் போனார், காசு சேர்த்தார், செய்தார், உடைத்தார், மறுபடி செய்தார். 1927இல் மொன்றியலை ஒட்டிய ஊத்ரமோன் நகரசபை அவருடைய முதல் இயந்திரத்தை வாங்கியது. நாலு சில்லும் இழுக்கிற ஒரு லொறி. அதன் முன்னால் பனியை அள்ளும் பகுதி. எறிவதற்கென்று தனியாக இன்னொரு மோட்டர். திசை மாற்றக்கூடிய இரண்டு குழாய்கள். 90 அடி தூரத்துக்கு, அதாவது ஏறக்குறைய 27 மீற்றருக்கு, எறியும். வேண்டுமென்றால் பக்கத்தில் ஓடும் லொறிப் பெட்டிக்குள் நேராகக் கொட்டும். மொன்றியல் தெருக்களில் இன்றைக்கும் அந்தக் காட்சிதான்: முன்னால் பனி எறியும் இயந்திரம், பக்கத்தில் லொறி, பின்னால் அடுத்த லொறி, கலியாண ஊர்வலம் போல.

சுழலும் தகட்டால் பனியை எறிவது அவருக்கு முன்பே ரயில்காரர்களுக்குத் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். 1869இல் ரொறொன்ரோவில் ஜே. டபிள்யூ. எலியட் என்பவர் தண்டவாளத்துப் பனியை வாரி எறியும் சக்கரம் ஒன்றை வரைந்தார். அவர் பல் வைத்தியர். துளைக்கிற சாமானைச் சுழற்றிச் சுழற்றி வந்த யோசனையோ என்னவோ! அதை ஒரேஞ்வில் ஊரைச் சேர்ந்த ஒரேஞ் ஜல் செப்பனிட்டார். லெஸ்லி சகோதரர்கள் கட்டினார்கள். 1880களில் அது பாதையில் இறங்கியது. நீராவிக் கொதிகலன் தகட்டைச் சுழற்றும், பின்னால் இன்னொரு எஞ்சின் தள்ளும். ஆனால் அது மலைப்பாதைக்கான யானை. தெருவில் இறங்காது.

தெருவுக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டதே காரால்தான். அதற்கு முன் கியூபெக் கிராமங்களில் தெருப் பனியை அகற்றவில்லை. குதிரை பூட்டிய பெரிய மர உருளையால் அமுக்கி இறுக்கிவிட்டார்கள், மேலே சறுக்கு வண்டி சுகமாக ஓடியது. சறுக்கு வண்டிக்குப் பனி வேண்டும், காருக்குக் கூடாது. கார் வந்ததும் அத்தனை பனிக்கும் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

எங்கள் மொழியில் இதற்குப் பொருத்தமான வினைச்சொல் ஒன்று சும்மா கிடக்கிறது: தூற்றுதல். ஆங்கிலத்தில் இதை ‘புளோவர்’ என்கிறார்கள், ஊதுவது என்று பொருள்படும்படி. உண்மையில் இது ஊதுவதே இல்லை. சில கம்பனிகள் ‘த்ரோவர்’ என்று திருத்தியே அச்சடிக்கின்றன. களத்தில் சுளகு பிடித்து நின்றவர்களுக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பனிதூற்றி என்று யாராவது பெயர் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இங்கே யாரும் பனி என்றே சொல்வதில்லை என்பது வேறு கதை. பனி என்றால் மார்கழி விடியலில் தலையில் இறங்குகிற ஈரம். இங்கே கொட்டுவது ஸ்னோ.

தெரு இயந்திரம் எப்படி வீட்டுக்கு வந்தது? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புறநகர்கள் பெருகின, வீட்டுக்கொரு காரும் காருக்கொரு டிரைவ்வேயும் வந்தன என்று புத்தகங்கள் சொல்லும். அது சரி. ஆனால் இங்கே ஒரு குளிர்காலம் இருந்தவர்களுக்கு வேறொரு காரணமும் தெரியும். நகரசபை உழவுவண்டி தெருவைச் சுத்தம் செய்துகொண்டு போகும்போது வழித்த பனியை ஓரத்தில் தள்ளுகிறது. அந்த ஓரம் என்பது உங்கள் வீட்டு வாசல். முழங்கால் உயரத்துக்கு, உப்பும் சேறும் கலந்து, கருங்கல் போல இறுகி, டிரைவ்வேயின் வாயை மறித்து நிற்கும். அண்ணை அதை ‘வரம்பு’ என்றுதான் சொல்வார். தெருவைத் திறந்த இயந்திரம் வீட்டை மூடிவிட்டுப் போகிறது. அதை உடைக்க வீட்டுக்கு ஒரு குட்டி இயந்திரம் வேண்டும். தாயின் குறும்பால் பிறந்த பிள்ளை என்றே இதை நினைக்கிறேன்.

1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மினசோட்டாவில் புல்வெட்டி செய்துவந்த ரோரோ கம்பனி, ஆள் பின்னால் நடந்து தள்ளக்கூடிய ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1960இல் விஸ்கொன்சினில் ஏரியன்ஸ் கம்பனி இறங்கியது. எல்லாம் பெற்றோல், எல்லாம் பாரம். இது வானத்தை நம்பிச் செய்கிற வியாபாரம். 1980ஐ ஒட்டிய இரண்டொரு குளிர்காலங்களில் பனி பொய்த்தபோது ரோரோ கையில் இருப்பு மலை போலத் தேங்கியது. வாங்குகிறவர் பயத்தைத் தீர்க்க 1983இல் ஒரு திட்டம் போட்டார்கள்: உங்கள் ஊரில் வழமையாகக் கொட்டுவதில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கொட்டாவிட்டால் காசு முழுவதும் திருப்பித் தரப்படும், இயந்திரத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். மழைக்குக் காப்புறுதி கேட்டு அலுத்த கமக்காரர் யாராவது இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்.

இனி அண்ணையின் இரண்டாவது கேள்வி.

மின்சாரத்தில் ஓடும் பனிதூற்றியின் உருவத்தை வரைந்தவர் எந்த எஞ்சினியரும் அல்ல, வட அமெரிக்க வீட்டுச் சுவரில் இருக்கும் அந்தப் பிளக் ஓட்டைதான். 120 வோல்ற். சாதாரண சுற்றுக்கு 15 அம்பியர். பெருக்கினால் 1,800 வாற். அதற்கு மேல் இழுத்தால் பிரேக்கர் விழும். ஒரு நடுத்தரப் பெற்றோல் இயந்திரத்தின் எட்டுக் குதிரைவலு ஏறக்குறைய 6,000 வாற். அதில் மூன்றில் ஒரு பங்குகூட இங்கே தேறாது. அந்த வலுவுக்குள் அடங்கும்படி எல்லாவற்றையும் குறைத்தார்கள். வாயின் அகலம் 46 சென்ரிமீற்றர் அளவு. அள்ளுவதும் எறிவதும் ஒரே தகடு. பெரியவற்றில் இரும்புத் திருகு மெதுவாக அள்ளிக் கொடுக்க, பின்னால் இருக்கும் விசிறி வேகமாக எறியும். இங்கே இரண்டு வேலையும் ஒருவனுக்கு. தகடு நிலத்தைத் தொட்டபடி சுழல்வதால் தார், கொங்கிறீற் தளத்தில் அப்படியே வழித்தெடுக்கும். கல் பரவிய பாதையில் ஓட்டினால் கல்லையும் எறியும், யன்னல் கவனம்.

குறைத்ததால்தான் மலிவு. வயர் பூட்டுவது இருநூறு டொலருக்கு அங்கே இங்கே. பற்றரி வந்தால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அந்தக் கூடுதல் காசில் பெரும்பகுதி பற்றரிக்கு, இயந்திரத்துக்கு அல்ல.

நான் வயர் பூட்டுவதை எடுத்தேன். எடுத்த அன்றே ஒரு முட்டாள்தனமும் செய்தேன். வீட்டில் நத்தார் லைற் போட வைத்திருந்த மெல்லிய நீட்டு வயரில் கொழுவினேன். மோட்டர் சளிபிடித்த தொண்டை போல முனகியது, பனி மூன்றடிக்கு மேல் போகவில்லை. கையால் வயரைத் தொட்டால் அந்தக் குளிரிலும் இளஞ்சூடு. கணக்குப் பார்த்தேன்: 16ஆம் இலக்க வயர், 30 மீற்றர் நீளம், 13 அம்பியர் இழுத்தால் வழியிலேயே பத்து வோல்ற் போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய மின்சாரம் பாதையைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. 12ஆம் இலக்கம் வாங்கினேன். இந்த இலக்கம் குறையக் குறைய வயர் தடிக்கும். குளிரில் விறைக்காத உறை போட்டது. விலை மெஷினின் நாலில் ஒரு பங்கு! வயரின் விலையைச் சேர்க்காமல் யாரும் மலிவு என்று சொல்லக்கூடாது.

மறுபடி கொழுவினேன், பிரேக்கர் விழுந்தது. கராஜில் எங்கள் வீட்டு மீன் ஃபிரீசர் அதே சுற்றில் இருக்கிறது. தமிழர் வீட்டுக் கராஜ் என்றால் வேறென்ன இருக்கும்? வேறு பிளக்கில் மாற்றி வேலையை முடித்தேன், விழுந்த பிரேக்கரை நிமிர்த்த மறந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் மனைவி கண்டுபிடித்தார். விளைமீனும் நண்டும் கல்லாகவே இருந்தன. அந்தக் கிழமை கராஜே ஒரு ஃபிரீசர்தான்.

பற்றரிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். லிதியம் அயன் பற்றரியைச் சோனி 1991இல் கடைக்குக் கொண்டுவந்தது, கமெராவுக்கு. அதே வகை இன்று பனியில் தகடு சுழற்றுகிறது. ஆனால் அதற்கும் எங்களைப் போலவே குளிர் பிடிக்காது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லிதியம் உலோகமாகப் படிந்து பற்றரி கெடும். ஆகவே கராஜில் விடாமல், வாசலில் சப்பாத்துகளுக்குப் பக்கத்திலோ அரிசி மூட்டைக்குப் பக்கத்திலோ வைத்துக்கொள்கிறார்கள். ஏற்கெனவே அதே பற்றரியில் ஓடும் புல்வெட்டி வைத்திருக்கிறவர் வெறும் மெஷினை மட்டும் வாங்கினால் கணக்குத் தலைகீழாகும். அவருக்கு நான் வயரைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

இரண்டு கார் நிற்கும் டிரைவ்வே என்று வையுங்கள், 6 மீற்றர் அகலம், 12 மீற்றர் நீளம். 15 சென்ரிமீற்றர் புதுப் பனி. உதிரியான பனி கன மீற்றருக்கு நூறு கிலோ என்றாலும் ஒரு தொன்னுக்கு மேல் வருகிறது. நனைந்த பனியென்றால் அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு. விடிய வேலைக்கு முதல், வெறும் வயிற்றில், இதைச் சவலால் அள்ளுகிறோம். கியூபெக்கின் 1981 முதல் 2014 வரையான பதிவுகளை வைத்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், 20 சென்ரிமீற்றர் கொட்டிய மறுநாள் ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. பெண்களில் அப்படிக் காணவில்லை. ஆண்கள்தான் சவலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்பது ஆய்வாளர்களின் ஊகம். என் மனைவியின் ஊகமும் அதுவே.

குட்டி மெஷினுக்குக் குணம் தெரிந்து வேலை கொடுக்க வேண்டும். நாள் முழுதும் கொட்டவிட்டு இரவில் இறங்கினால் மூச்சுத் திணறும். பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒருதரம் ஓட்டினால் சிரித்துக்கொண்டு போகும். ஈரப் பனி குழாயில் ஒட்டும். தோசைக்கல்லுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை முதலிலேயே குழாய்க்குள் அடித்துவிடலாம், பலன் உண்டு. அடைத்துக்கொண்டால் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தடியால் குத்துங்கள், கையை விடாதீர்கள். பெற்றோல் மெஷினில் எஞ்சினை நிறுத்திய பிறகும் பட்டியில் இறுகி நிற்கும் விசை, அடைப்பு விலகியதும் தகட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். குளிர்காலந்தோறும் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு விரல்கள் வருவது அப்படித்தான்.

வயரை எப்போதும் முதுகுப் பக்கம் விட்டு, பிளக்கிலிருந்து விலகி விலகிப் போக வேண்டும் என்பதை அண்ணைதான் கண்டுபிடித்துச் சொன்னார். “மாட்டை உழக் கட்டினா கயிறு காலுக்கை சிக்காமப் பாக்கிறதில்லையே தம்பி?” இப்போது நான் ஓட்ட, அவர் தோளில் வயர் வளையத்தைப் போட்டு இழுத்து இழுத்து விடுகிறார்.

சென்ற செவ்வாய்க்கிழமை இருவருமாக முக்கால் மணித்தியாலத்தில் இரண்டு வீட்டு வாசலையும் வெளுத்துவிட்டோம். வயரைச் சுற்றி மெஷினை உள்ளே வைத்து, தேத்தண்ணிக்கு அவர் எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்தார். தெருமுனையில் மஞ்சள் விளக்குச் சுழல நகரசபை வண்டி வந்தது. யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் வாசலைத் தாண்டும்போது அது வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

“வரம்பு கட்டிப்போட்டான்,” என்றார் அண்ணை. கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். “சவல் எங்கை வைச்சனீர்?”