அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியரின் முன்னுரிமை அறிவு

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளிகளை வந்த வரிசைப்படி பாராமல், உயிருக்குள்ள ஆபத்தின் அளவைப் பார்த்துப் பிரித்து, யாரை உடனே கவனிப்பது, யாரைக் காக்கவைப்பது என்று முடிவு செய்யும் முறை ட்ரையேஜ் எனப்படும். இதனை முன்னுரிமை வகைப்பாடு எனலாம். நோயாளியை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் செவிலியரே ஆதலால், இம்முடிவு அவருக்கே உரியது.

இம்முறையின் தொடக்கம் போர்க்களத்தில் உள்ளது. நெப்போலியனின் படை மருத்துவர் தொமினிக் ழான் லாரே, 1792இல் குதிரை வண்டிகளைக் கொண்டு பறக்கும் ஆம்புலன்ஸ்களை அமைத்ததோடு, படைப்பதவி எதுவாயினும் கடுங்காயம் பட்டவருக்கே முதலில் சிகிச்சை என்ற நெறியையும் வகுத்தார். தளபதியின் சிறு கீறலுக்காகச் சிப்பாயின் உயிர் காத்திருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜான் வில்சன், உடனடி அறுவையால் பிழைக்கக்கூடியவரை முன்னிறுத்தி, சிறுகாயத்தினரையும் பிழைக்க வழியற்றவரையும் பின்னுக்கு வைக்கலாம் என்று 1846இல் எழுதினார். கிரீமியப் போரில் ருஷ்ய மருத்துவர் பிரகோவ் காயமுற்றோரை வகைவகையாகப் பிரித்தே அறுவைக்கு அனுப்பினார். லாரேயின் நெறி நியாயத்தையும் வில்சனின் நெறி பயனையும் முன்வைக்கின்றன. நாள்தோறும் இயங்கும் மருத்துவமனைக்கு முன்னதும், பேரிடருக்குப் பின்னதும் பொருந்தும்.

போர்க்களத்து முறை மருத்துவமனை வாசலுக்கு வந்தது 1960களில், அமெரிக்காவின் யேல்-நியூ ஹேவன் மருத்துவமனையில். 1990களில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் முறை சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என ஐந்து நிறங்களை வகுத்து, சிவப்புக்கு உடனடியாகவும் மஞ்சளுக்கு 60 நிமிடத்திற்குள்ளும் சிகிச்சை என்று காலவரம்பும் விதித்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற மூன்று நிறங்களே புழங்குகின்றன. மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம், நினைவுநிலை ஆகியவற்றை அதே வரிசையில் சோதித்து நிறம் தீர்மானிக்கப்படுகிறது.

விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இவ்வறிவு தனி முக்கியத்துவம் பெறுகிறது. மேற்கே மலையடிவாரத் தோட்டங்களும் வயல்களும், கிழக்கே சிவகாசிப் பட்டாசு ஆலைகளும், ஊடே கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலையும் இருப்பதால் பாம்புக்கடி, தீக்காயம், சாலை விபத்து மூன்றையும் இங்குள்ள செவிலியர் எதிர்பார்த்தே இருக்க வேண்டும். மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி விசைத்தறியில் விரல் நசுங்கி, இரத்தம் சொட்டச் சொட்ட, உறவினர் கூச்சலோடு வருபவர், அழுத்திக் கட்டியதும் இரத்தம் நின்றுவிட்டால் மஞ்சளுக்கு உரியவர். இரவில் தரையில் படுத்திருந்து, விடியற்காலையில் வயிற்றுவலி என்று சொல்லி ஓர் ஓரமாக அமர்ந்திருப்பவரின் கண்ணிமை தொங்கினால், கட்டுவிரியன் பாம்பு கடித்திருக்கலாம் என்பதால் அவர் சிவப்புக்கு உரியவர். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரும்பாலும் தெரியாது, ஆனால் அதன் நஞ்சு சில மணி நேரத்தில் மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். அவ்வாறே, பட்டாசு விபத்திலிருந்து நடந்தே வந்து தெளிவாகப் பேசுபவருக்கு மூக்கு முடி கருகி, குரல் கம்மத் தொடங்கியிருந்தால், தொண்டை வீங்கி மூச்சுப்பாதை அடைபடும் முன் அவரைக் கவனித்தாக வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்தது போன்ற பெருவெடிப்பில் பலர் ஒரே நேரத்தில் வரும்போது, நடக்க முடிந்தவர்களை முதலில் ஒதுக்கிவிட்டு எஞ்சியோரைப் பார்ப்பது வழக்கம். தீப்புகை உள்ளே போனவர்கள் அந்த ஒதுக்கலில் தவறிப்போகும் அபாயம் உண்டு.

செவிலியரின் இவ்வறிவை அளக்கக் கல்லூரி ஆய்வுகள் பெரும்பாலும் வினாத்தாளையே நம்புகின்றன. பயிற்சிக்கு முன்பும் பின்பும் ஒரே வினாக்களைக் கொடுத்து மதிப்பெண்ணை ஒப்பிடுகின்றன. நிறங்களின் பொருளை எழுதத் தெரிந்தவருக்கு, இரவுப் பணியில் ஒரே நேரத்தில் நால்வர் வரும்போது வரிசைப்படுத்தத் தெரியும் என்பதற்கு அது சான்றாகாது. மேலும், வகைப்பாடு ஒருமுறையோடு முடிவதன்று; பச்சையில் அமர்ந்தவர் சற்று நேரத்தில் சிவப்பாகலாம் என்பதால் நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அவ்வறிவில் அடங்கும்.

செவிலியரின் இவ்வகைப்பாட்டுக்குத் துணைநிற்கும் ஏற்பாடுகளும் உருவாகியுள்ளன. தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008இலும், விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சையளிக்கும் இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டம் 2021 டிசம்பரிலும் தொடங்கின. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கடும் நிலையில் உள்ளோரை மேல்சிகிச்சைக்கு அனுப்ப, இராஜபாளையத்திலிருந்து சுமார் 85 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையும் நாடப்படுகிறது.